ஒரு நாள், ஒரே இடம், அடுப்புக்கு லீவு! கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகள்

சனி, ஞாயிறு வந்துவிட்டால் தேனி வழியாகப் போகும் வண்டிகளை எண்ணி முடியாது. மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வரும் வேன்களும் கார்களும் தேனியில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி போடிமெட்டு ஏறி மூணாறு போகும். மறுபாதி கம்பம், கூடலூர் தாண்டி குமுளி ஏறித் தேக்கடிக்குப் போகும். நடுவில் சின்னமனூரில் திரும்பி மேகமலை ஏறுகிறவர்களும் உண்டு.

ஊரே தேடி வரும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "நம்ம ஊர்ல போயி என்னத்தப் பாக்குறது?"

உத்தமபாளையத்தில் இருக்கும் அந்தக் குடும்பத்திலும் ரொம்ப வருஷமாக இதே பேச்சுதான். வீட்டுக்காரர் ஜீப் டிரைவர். திங்கள் முதல் சனி வரை விடிவதற்கு முன்பே ஜீப்பை எடுத்து, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை. மகள் பிளஸ் டூ, மகன் ஏழாம் வகுப்பு. கூடவே டிரைவரின் அம்மா, பிள்ளைகளுக்கு அப்பத்தா. முப்பது வருஷத்துக்கு மேல் இதே மலையில் ஏலக்காய் எடுத்தவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் வேலையை விட்டுவிட்டார்.

இந்த வீட்டுக்கு மலை என்றால் வேலை. மகனுக்கு அது ஸ்டீயரிங், அம்மாவுக்கு அது கூலி. வெளியூர்க்காரர்கள் செல்ஃபி எடுக்கும் வளைவில் இவர்கள் ஒரு நாளும் இறங்கி நின்றதில்லை.

ஒரே நாளில் மூன்று இடம்

போன வருஷம் பள்ளி விடுமுறையில் சொந்தக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்தார்கள். மொத்தம் பதினான்கு பேர். காலையில் சுருளி அருவி, மதியம் மேகமலை, சாயங்காலம் வைகை அணை. காகிதத்தில் பார்க்கும்போது அருமையான திட்டம்.

அந்த வீட்டுப் பெண் ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்தார். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு, வடை, பிள்ளைகளுக்குத் தனியாகச் சப்பாத்தி. சுருளிக்குப் போனால், மலையில் பெய்த மழையில் தண்ணீர் கூடிவிட்டதால் குளிக்க விடவில்லை. மேகமலைப் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். வைகை அணைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அப்பத்தா மூட்டு வலியோடு வேனிலேயே உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பியபோது மணி பத்து. எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் புளிசாதம் கட்டிய தூக்குவாளிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இனிமே டூர்னு யாராவது சொன்னீங்க..." என்று மட்டும் சொன்னார். மிச்சத்தைப் பாத்திரச் சத்தம் சொன்னது.

பல வீடுகளில் சுற்றுலா இப்படித்தான் செத்துப்போகிறது. இடம் சரியில்லை என்று இல்லை. ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் இரண்டு மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது என்பதால். ஒரு பயணம் சுலபமானதா இல்லையா என்று பார்க்க, வழக்கமாக அந்த வீட்டில் டிபன் கட்டுகிறவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்டாலே போதும்.

மகள் போட்ட கணக்கு

மறுபடி பேச்சை எடுத்தவர் மகள். பிளஸ் டூ முடித்ததும் கோயம்புத்தூரில் கல்லூரி சேருவது என்று முடிவாகியிருந்தது. ஒரு நாள் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "பரீட்சை, ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் கழிச்சா, நான் இந்த வீட்ல இருக்கப்போற ஞாயித்துக்கிழமை பத்துதாம்மா வருது."

அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. ஆனால் நிபந்தனை இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். அன்றைக்கு அடுப்பு பற்ற வைப்பதில்லை. வீட்டிலிருந்து எடுத்துப் போவது தண்ணீரும் அப்பத்தாவின் மாத்திரையும் மட்டும். இருட்டுவதற்குள் வீடு. வேன் கிடையாது, பஸ்தான். யாருக்கு வர மனசில்லையோ அவர் வீட்டில் தூங்கலாம், கோபம் இல்லை.

கடைசி விதி அப்பாவுக்காக. ஆறு நாள் மலைப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவருக்கு ஏழாவது நாளும் ஓட்டச் சொன்னால் அது லீவாகாது.

செலவும் கையைக் கடிக்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மா, அப்பத்தா, மகள் மூவருக்கும் காசில்லை. கம்பம் வரைக்கும் பையனுக்கு மட்டும்தான் டிக்கெட். அவன் அதைப் பெருமையாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான்.

முதல் பயணம்: சொந்த ஊருக்குள்ளேயே

முதல் ஞாயிறு அவர்கள் ஊரை விட்டே போகவில்லை. உத்தமபாளையத்திலேயே ஒரு பாறையில் சமண தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ஊரில் எல்லோருக்கும் 'தெரியும்', போய் நின்று பார்த்தவர்கள் குறைவு. பிளஸ் டூ பெண்ணுக்கும் அதுதான் முதல் தடவை.

அரை நாள்கூட ஆகவில்லை. பார்த்துவிட்டு, கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, மதியத் தூக்கத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "இதுக்குப் பேரு டூரா?" என்று பையன் முகம் சுளித்தான். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் யாரிடமும் எரிந்து விழவில்லை. அம்மாவுக்கு அது போதும்.

ரயிலும் திராட்சையும்

அடுத்த தடவை பையனின் முறை. அவன் கேட்டது ரயில்.

மதுரை - போடி ரயில் பாதை 1928-ல் திறக்கப்பட்டது. அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் ரயில் நின்றுபோனது. பிறகு தேனி வரை மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதத்தில், போடி வரை வந்தது 2023 ஜூனில். பையன் பிறந்ததே ரயில் நின்ற பிறகு.

தேனி வரை பஸ், அங்கிருந்து போடிக்கு ரயில். சுமார் 15 கிலோமீட்டர்தான். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஜன்னலில் போடி மலை நெருங்கி நெருங்கி வரும். நேரம் கையில் இருப்பவர்கள் ஆண்டிபட்டியிலோ உசிலம்பட்டியிலோ ஏறினால் இன்னும் நல்லது. அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் மலையை ஒட்டிப் போகும். ரயில்கள் குறைவு என்பதால் கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துவிட வேண்டும்.

போடியில் மதியச் சாப்பாடு. திரும்பும்போது வந்த வழியே வராமல் தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் வரும் பஸ்ஸில் ஏறினார்கள். வலது பக்க ஜன்னல் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை. பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர் என்று மகள் சொன்னதும், "எனக்குத் தெரியாதா?" என்று அப்பத்தா சிரித்தார்.

இந்தப் பயணத்துக்கு அப்பாவும் வந்திருந்தார். பஸ் ஜன்னலில் சாய்ந்து உட்கார்ந்து, "ஓட்டாம வெறும உக்காந்து வர்றதே லீவுதான்" என்றார். கோம்பை வருவதற்குள் தூங்கிவிட்டார்.

திராட்சைக்குப் போனது தனியாக ஒரு நாள். கம்பத்திலிருந்து சுருளி போகும் பாதையில் சுருளிப்பட்டி. சுற்றிலும் பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இந்தப் பக்கத்துச் சொத்து. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம் இருக்கும். இங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு நேரத்தில் கவாத்து செய்வதால், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். சுற்றிப் பார்க்க அனுமதிக்கும் தோட்டங்களும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பந்தலில் மருந்து அடித்திருப்பார்கள். பறித்ததும் வாயில் போடாமல் நன்றாகக் கழுவித்தான் சாப்பிட வேண்டும்.

அருவிக்குப் போகும் முன் ஒரு கேள்வி

சுருளிக்கும் மறுபடி போனார்கள், இந்தத் தடவை கேட்டுவிட்டு. கம்பத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். முந்தின நாள் ராத்திரி செய்தியில் பார்த்தார்கள். காலையில் சுருளி பஸ் கண்டக்டரிடமும் கேட்டார்கள். "இன்னிக்குத் தொறந்திருக்குங்க" என்ற பிறகுதான் ஏறினார்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கீழே வெயில் அடிக்கும். ஆனால் சுருளிக்குத் தண்ணீர் வருவது மேலே மேகமலைக் காட்டிலிருந்து. பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்குத் தண்ணீர் வருவது கொடைக்கானல் மலையிலிருந்து. அங்கே பெய்யும் மழை இங்கே வந்து சேரும்போது, குளிப்பவருக்கு முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலை தழை அடித்துக்கொண்டு வந்தாலோ, சத்தம் மாறினாலோ யோசிக்காமல் கரையேற வேண்டும். யானை நடமாட்டம் இருந்தாலும் வனத்துறை பாதையை மூடிவிடும். இந்தக் காடு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. மூடியிருக்கிறது என்றால் வாதாடாமல் திரும்பிவிடுவதுதான் மரியாதை. ஒரே இடம் என்று கிளம்பியவருக்குத் திரும்பி வருவதும் சுலபம். மூன்று இடத்துக்குக் காசு கட்டி வேன் பிடித்தவருக்குத்தான் "இவ்வளவு தூரம் வந்துட்டமே" என்ற வீம்பு வரும்.

கிட்டத்தில் இருக்கிறது என்பதால் மலை விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. 2018 மார்ச் 11-ம் தேதி போடிக்கு மேலே குரங்கணி காட்டில் பற்றிய தீயில் மலையேறப் போன 23 பேர் உயிரிழந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. பிப்ரவரி முதல் மழை வரும் வரை காட்டுப் புல் சருகாகக் காய்ந்து கிடக்கும். நடைபயணம் போக ஆசை இருந்தால் வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும்தான் போக வேண்டும். அதற்கென்றே 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024-ல் தொடங்கப்பட்டிருக்கிறது.

சுருளியில் அப்பத்தா குளிக்கவில்லை. நடக்க முடிந்த தூரம் நடந்து, நிழலில் உட்கார்ந்துகொண்டார். யாரும் "வாங்க, வாங்க" என்று அவரை இழுக்கவில்லை. அதுவும் இந்த வீட்டுப் பயணங்களில் புதிதாக வந்த பழக்கம்.

வைகை அணையில் ஒரு சாயங்காலம்

வைகை அணைக்கு மதியத்துக்கு மேல் கிளம்பினார்கள். ஆண்டிபட்டி பக்கத்தில் இருக்கிறது. தேனியிலிருந்து பஸ் உண்டு. 1959 ஜனவரியில் முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்த அணை. 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். அணைக்குக் கீழே பூங்கா, வெளியே சுடச்சுட மீன் பொரித்துத் தரும் கடைகள். அடுப்பு லீவு விட்ட வீட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன என்பதை மகள் தம்பிக்குச் சொன்னார். அணைக்காக வீட்டையும் காட்டையும் விட்டு வெளியேறிய மக்களின் கதையைத்தான் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று எழுதினார். அதற்கு 2003-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. பையன் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான். "அப்ப அந்த வீடெல்லாம் இன்னும் கீழ இருக்குமா?" என்று கேட்டான். அதன் பிறகுதான் மீனுக்குக் கை நீட்டினான்.

லோயர் கேம்ப்பில் அப்பத்தா

பத்து ஞாயிறுகளில் எல்லோருக்கும் ஒரு முறை வந்தது. அப்பத்தாவிடம், "நீங்க எங்க போகணும், அத்தை?" என்று மருமகள் கேட்டார்.

"எங்கிட்டாவது காலை நீட்டி உக்காந்து மலையப் பாக்குற மாதிரி ஒரு எடம் இருந்தாச் சொல்லு தாயி."

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்புக்குக் கூட்டிப் போனார்கள். நெடுஞ்சாலை ஓரத்திலேயே 2013-ல் திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபம். படியேற வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம்.

இந்தப் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் யார் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையிலும் வீட்டிலும் அவர் படம் இருக்கும். ஜனவரி 15 அவர் பிறந்த நாள், பொங்கல் வைத்துக் கும்பிடுவார்கள். அவர் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் மலைச்சரிவில் ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றிவிட்டு, ஆறாகக் கம்பம் பக்கம் போகிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அந்தத் தண்ணீரை நம்பித்தான். ஜூனில் தண்ணீர் திறந்தால், நடவு முடிந்த பிறகு கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை பஸ் ஜன்னலிலேயே பச்சை வயல் பார்க்கலாம். அதற்குத் தனியாக டூர் போக வேண்டாம்.

அப்பத்தா நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தார். எதிரே குமுளி மலை. வண்டிகள் வளைந்து வளைந்து ஏறுவது எறும்பு மாதிரி தெரிந்தது.

"அந்தா தெரியுது பாரு, அந்த வளைவு. அதுல திரும்புறப்ப ஜீப்பு ஒரு பக்கமாச் சாயும். நாங்க பதினஞ்சு பேரும் ஒருத்தி மேல ஒருத்தி விழுவோம்." பேத்தியிடம் கை நீட்டிக் காட்டினார். "போறப்ப இருட்டு. வர்றப்ப அசதி, கண்ணு சொருகிரும். முப்பது வருசம் இந்த வழியிலதான் போனேன். மலை இப்பிடி இருக்கும்னு பாக்கவே இல்ல."

மகள் போனில் அந்த மலையையும், அதைப் பார்க்கும் அப்பத்தாவையும் சேர்த்துப் படம் எடுத்தார். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக இது ஒன்று போதும் என்றார். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார்கள். பார்க்க வேறு இடங்கள் இல்லாமல் இல்லை. தேக்கடி கூப்பிடு தூரத்தில்தான். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு

இப்படி ஒரு ஞாயிறு வேண்டுமென்றால் பெரிய திட்டம் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். அந்த இடம் நாளைக்குத் திறந்திருக்கிறதா? வீட்டில் நடக்கச் சிரமப்படுகிறவர் அங்கே உட்கார இடம் இருக்கிறதா? திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

வயதானவர்கள் இருந்தால் ஆற்றங்கரைக் கோயில்கள் தோது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் தேனிக்குப் பக்கத்தில், முல்லைப் பெரியாற்றங்கரையில். சித்திரைத் திருவிழா நாட்களில் கூட்டம் தாங்காது, மற்ற நாட்களில் நிதானமாக இருக்கலாம். குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் சனிக்கிழமை கூட்டம் இருக்கும், ஆடிச் சனி என்றால் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போகலாம். மேகமலை அழகுதான், ஆனால் அரை நாள் வேலை இல்லை. சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. அதிகாலையே கிளம்பத் தயாராக இருப்பவர்கள் மட்டும் போகலாம். இந்தக் குடும்பம் இன்னும் போகவில்லை.

சாப்பாடு கட்டாமல் இருக்க முடியாது என்கிற வீடுகளில், டிபன் கட்டும் வேலையை முறை போட்டுக்கொள்ளலாம். ஒரு வாரம் அப்பா, ஒரு வாரம் பிள்ளைகள். எலுமிச்சை சாதம் கொஞ்சம் குழைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

பத்து ஞாயிறில் இவர்கள் போனது ஆறு. ஒன்று மழையில் போனது, ஒன்று அவசரத் துணி தைத்துக் கொடுப்பதில் போனது, மற்ற இரண்டு எல்லோரும் தூங்கிக் கழித்தவை. அதையும் அம்மா லீவுக் கணக்கில்தான் சேர்த்தார்.

லோயர் கேம்ப் போய் வந்த மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல இருட்டில் ஜீப் கிளம்பியது. பின்னால் பெண்கள், மடியில் தூக்குவாளிகள். முன் சீட்டில் இருந்த அக்கா கேட்டார்: "அத்தைய எங்கிட்டோ டூர் கூட்டிப் போனீகளாமே? ஒரே பேச்சா இருக்கு."

"இங்கதான்க்கா" என்று லோயர் கேம்ப் வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார். "இந்தா இருக்குல்ல, மணிமண்டபம்."

"அட, இதத்தான் தெனமும் தாண்டிப் போறோமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க வீட்லயும் மாமியா இருக்கு. ஞாயித்துக்கெழம இங்க வர்றதுக்கு எந்த பஸ்ஸு?"

கியரை மாற்றி மலை ஏறிக்கொண்டே அவர் பஸ் விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.